மூன்று ராத்திரி தூரம்

காசியைவிட வீசம் அதிகம் என்று பெருமை பேசுகிற ஊர் விருத்தாசலம். விருத்தகாசி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. காசிக்கே போக வேண்டியதில்லை என்று நினைக்கிற ஊரில் வேறு எங்கே போகத் தோன்றும்? மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரமெல்லாம் கடலுக்குப் போகும்போதுகூட எங்களுக்கு மணிமுத்தாறு போதும். கடல் அறுபது கிலோமீட்டர் தள்ளி, கடலூரில். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் அக்காவை 2001இல் அந்தமானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் பெண்ணாடம் பக்கம். தாத்தா காலத்திலேயே பிழைப்புக்காகப் போர்ட் பிளேர் போய்விட்ட குடும்பம். மாமாவுக்கு அங்கே அரசு வேலை, மின்பணியாளர். நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. 1996இல் வந்த ‘சிறைச்சாலை’ படத்தைப் பார்த்திருந்தாள். அந்தமான் என்றால் அவளுக்குச் செக்கிழுப்பதும் சவுக்கடியும்தான். போதாக்குறைக்கு, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனதை யாரோ அந்த நேரம் பார்த்து ஞாபகப்படுத்திவிட்டார்கள். “பெத்த புள்ளய கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு நான் எப்படித் தூங்கறது?” என்று பந்தக்கால் நட்ட அன்றைக்கும் அழுதாள்.

கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். மனுஷருக்கு எட்டாத வழக்கை வெள்ளைத்தாளில் மனுவாக எழுதி அந்தச் சாமியிடம் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் பிராதில் போர்ட் பிளேர் விலாசம் பின்கோடோடு இருந்தது. சாமி தப்பான தீவுக்குப் போய்விடக் கூடாதல்லவா!

அப்பாவுக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை. அவர் கவலை, சாமான் உடையாமல் போய்ச்சேர வேண்டும் என்பது. பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் மோல்டு வேலை அவருக்கு. பக்கத்திலேயே நெய்வேலி, பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டுகிற பூமியில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணை நம்பி வளர்ந்தது எங்கள் ஊர்ப் பீங்கான் தொழில். அதைச் சொல்லித்தர ஊரில் அரசுக் கல்வி நிறுவனமே இருக்கிறது. ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, அகல்விளக்கு என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு சாமானில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். அப்பா பொம்மைக்காரர். கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்சி ஓரத்தில் மண் தடிக்கும்வரை காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரிக்கிற வேலை. சீக்கிரம் பிரித்தால் பொம்மை சரிந்துவிடும். தாமதித்தால் அச்சுக்குள்ளேயே சுருங்கி விரிசல் விடும். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

அக்கா தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள். பிள்ளைக்கு ஐந்து மாசம் ஆனதும், 2003 ஏப்ரலில், திரும்பிப் போக வேண்டியிருந்தது. மாமாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். “தம்பி வரட்டும், அப்படியே தீவையும் பாத்துட்டு வரட்டும்” என்று மாமா போனில் சொல்லிவிட்டார். விமானக் கட்டணம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகையாக அப்போது இல்லை. கப்பல்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பெட்டி கட்டினார். அகல்விளக்குகள், இரண்டு ஊறுகாய் ஜாடி, ஒரு செட்டியார் செட்டியாரம்மா பொம்மை. ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். ‘டிங்’ என்று கேட்டால் பெட்டிக்குள். ‘டொக்’ என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. திண்ணையின் மறு ஓரத்துக்குப் போய்விடும். வைக்கோலைத் தண்ணீர் தெளித்து லேசாகப் பதப்படுத்தி, பிரி முறுக்கி, ஒவ்வொரு சாமானுக்கும் இடுப்பில் ஒன்று கழுத்தில் ஒன்று என்று சுற்றினார். “கீழ விழுந்து ஒடையறது கம்மிடா. ஒண்ணோட ஒண்ணு ஒரசித்தான் ஒடையும். நடுவுல காத்துக்கு எடம் வுடக் கூடாது.” கட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. அதற்கப்புறம்தான் சணல் கயிறு.

சென்னையில் ராஜாஜி சாலைக் கப்பல் அலுவலகத்தில் மாமாவின் நண்பர் ஒருவர் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துவைத்திருந்தார். அக்காவுக்குத் தீவுவாசிகளுக்கான சலுகைக் கட்டணம். எனக்கு முழுக் கட்டணம். எங்கள் வீட்டுப் பெண் அரசாங்கக் கணக்கில் வேறு ஊர்க்காரியாகிவிட்டாள் என்பது எனக்கு அந்த டிக்கெட்டில்தான் உறைத்தது.

கப்பல் பெயர் எம்.வி. நான்கவுரி. ஏறத்தாழ 1,200 பேர் ஏறலாம். டீலக்ஸ் கேபின், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் என்று நான்கு தரம். பங்க் என்பது கீழ்த்தளத்தில் பெரிய கூடம். இரும்புப் படுக்கைகள் அடுக்கடுக்காக, ரெக்சின் மெத்தையோடு. ஏறின அரை மணி நேரத்தில் அது எங்கள் ஊர்ச் சந்தை ஆகிவிட்டது. வெங்காய மூட்டை, புளிக் கூடை, முருங்கைக்காய்க் கட்டு, மாம்பழப் பெட்டி, சைக்கிள், மிக்சி, கட்டு பிரிக்காத டிவி. விமானத்தில் பயணி தன் உடம்பை எடுத்துப்போகிறான். கப்பலில் அவன் குடும்பத்துக்கு வேண்டியதை எடுத்துப்போகிறான். எங்கள் பீங்கான் பெட்டியை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

இழுவைப் படகுகள் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து விட்டதும் என்ஜினின் அதிர்வு காலுக்கடியில் தொடங்கியது. அது போர்ட் பிளேர் வரைக்கும் நிற்கவில்லை. கலங்கரை விளக்கம், எல்.ஐ.சி. கட்டடம், பிறகு ஒரு புகைக் கோடு, பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் காபி நிறத்திலிருந்து பச்சைக்கு வந்து, மறுநாள் காலையில் மைநீலமாகியிருந்தது. குமட்டலுக்கு அவோமின் மாத்திரையும் எலுமிச்சம்பழமும் இல்லாத பை அந்தக் கூடத்தில் இல்லை. “வயித்தக் காலியா போடாத தம்பி. மேல போயி தூரத்துல ஒரே எடத்தப் பாரு” என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன வைத்தியம்தான் எனக்குக் கேட்டது.

அவர் சிவகங்கைச் சீமைக்காரர், கொத்தனார். தன் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேரைச் சித்தாள் வேலைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அந்தமானில் சுற்றுலா சூடுபிடிக்கத் தொடங்கியிருந்த காலம். தங்கும் விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்தன. “நான் பூசுன ரூம்புல ஒரு ராத்திரி படுக்கறதுக்கு வாங்கற காசு, எனக்குப் பாதி மாசக் கூலி தம்பி. பூசும்போதே படுத்துப் பாத்துட்டேன். ஒண்ணும் விசேசமில்ல” என்று சிரித்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்குக் கப்பலேறி வருவார். அவருக்கு லீவு என்றால் சிவகங்கை.

அக்கா ஒரு நூல் புடவையை மேல் படுக்கைக் கம்பியில் கட்டித் தூளி போட்டாள். கப்பல் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, தூளி தானாக ஆடியது. யாரும் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ராத்திரி ரெண்டு முறை எழுந்து அழுகிற பிள்ளை அந்த மூன்று ராத்திரியும் விடிய விடியத் தூங்கினான். எதிர்ப் படுக்கைத் தெலுங்குக்கார அம்மாள் அதைப் பார்த்துத் தன் பேத்திக்கும் ஒரு தூளி கட்டிவிட்டார்.

பகலில் மேல்தளம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் முதலில் தெரிவது. கொஞ்ச நேரம் போனால் கண் பழகும். கப்பல் கிழிக்கிற தண்ணீரிலிருந்து கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, துடுப்பை விரித்துக்கொண்டு, வெகுதூரம் சறுக்கிப்போய் விழும். கடலூர் மீன் மார்க்கெட்டில் கூடையில் கிடக்கும்போது அது பறக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வேளைக்கு மணி அடித்துச் சாப்பாடு. சீட்டுக் கச்சேரி. சாயங்காலத்தில் யாராவது பழைய பாட்டு எடுப்பார்கள். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். ரயிலானால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும். ரயிலில் அந்தத் தூரத்தை ஊர்ப் பெயர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கடலில் பங்கு போட ஆளில்லை. மொத்தத் தூரமும் நம் மேலேயே இறங்கும்.

நாலாம் நாள் காலையில் கூடமே மேலே ஏறி வந்துவிட்டது. தண்ணீரில் இலை மிதந்தது, ஒரு முழு மரம் வேரோடு மிதந்தது. அப்புறம் மலை. உச்சியிலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஒரே பச்சை. கொத்தனார் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னார். அப்போது புழக்கத்திலிருந்த சிவப்பு நோட்டின் பின்பக்கத்தில் தென்னையும் கடலும் மலையுமாக ஒரு படம் இருக்கும். மவுண்ட் ஹாரியட்டும் போர்ட் பிளேர் கலங்கரை விளக்கமும் அது. “நோட்டுல இருக்குற ஊருக்கு வந்துட்டோம்” என்றார். ஹட்டோ துறையில் கப்பல் கட்டியபோது மாமா மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா பிள்ளையை மாமாவிடம் கொடுத்துவிட்டு முதலில் பெட்டியைத்தான் பிரித்தாள். வைக்கோலை உதறி, ஒவ்வொரு அகலையும் உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டினாள். அப்பா செய்தது போலவேதான், இடது கை, ஆள்காட்டி விரல். எல்லாமே ‘டிங்’. சாயங்காலத்துக்குள் பாதி அகல்கள் அக்கம்பக்கம் போய்விட்டன. ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம். இன்னொரு பக்கம் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள். அங்கே அவர்களை ‘ராஞ்சி’ என்பார்கள். எதிரே ஆந்திர மீனவர் வீடு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு இந்தி. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். ராஜேந்திர சோழன் கல்வெட்டிலேயே நிக்கோபார் மாநக்கவாரமாக இருக்கிறது என்று நாம் மேடையில் பேசுகிறோம். அந்தத் தீவுக் கூட்டத்துக் கச்சால் ரப்பர்த் தோட்டத்துக்கு, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுபோய் அமர்த்தினார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

விருத்தாசலத்துக் கடிகாரம்தான் அங்கேயும். ஆனால் சூரியன் எங்கள் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. ஐந்து மணிக்கு நன்றாக விடிந்துவிடும்; சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. காய்கறிக் கடையில், மருந்துக் கடையில், சிமெண்ட் கடையில் எங்கே எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கப்பல் வந்தால் உண்டு. அம்மா பயந்த செல்லுலார் ஜெயிலை அக்கா வழி அடையாளமாக வைத்திருந்தாள். 1906இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் ஏழு கிளைகள் இருந்தன, நிற்பவை மூன்று. அதை ஒட்டித்தான் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி. பிள்ளைக்குத் தடுப்பூசி போட அக்கா போய்வந்த இடம் அது. முகப்பில் நின்று ஒருமுறை கும்பிட்டுவிட்டு ஊசிக்கு வரிசையில் நிற்பாள்.

ஹேவ்லாக் போகாமல் வரக் கூடாது என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுப் படகு, இரண்டரை மணி நேரம். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய தீவு. ஊர்களுக்குக் கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று பெயர் இருந்தாலும் நம்பர் சொல்லித்தான் பேசுகிறார்கள். ராதா நகர் கடற்கரை ஏழாம் நம்பர். உயர்ந்த மரங்களின் நிழல் மணல்வரை வந்து நிற்கும்; மணல் வெள்ளை; தண்ணீரில் கழுத்தளவு நின்றாலும் கால்விரல் தெரியும். மறு வருஷமே ‘டைம்’ பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிவிட, உலகம் அங்கே திரும்பியது. நாங்கள் போன அன்று எங்களோடு குளித்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டுமே.

அந்த 2004இல்தான் டிசம்பர் 26 வந்தது. கடலூரிலும் ஆழிப்பேரலை. டிவியில் தேவனாம்பட்டினத்தைக் காட்டினார்கள். போர்ட் பிளேருக்கு லைன் கிடைக்கவே இல்லை. அப்பா எஸ்.டி.டி. பூத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாக மாமாவின் குரல் கேட்டது: வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தார்கள். கார் நிக்கோபாரும் கச்சாலும் சின்னாபின்னமாகியிருந்தன. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மறுபடி கப்பலேறித் தீவுக்குப் போய், கடலோரத்தில் வேர்பிடித்த குடும்பங்களுக்கு இப்படி. அம்மா கொளஞ்சியப்பருக்குக் காணிக்கை செலுத்தினாள். பிராதில் விலாசம் சரியாக எழுதியதுதான் காப்பாற்றியது என்பது இன்றுவரை அவள் வாதம்.

மறுபடி நான் போனது 2024 ஜனவரியில், மனைவி, பிள்ளைகளோடு. இப்போது எனக்கு விமானக் கட்டணம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகைதான். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். உள்ளே முக்கால்வாசி பேர் புதுமணத் தம்பதிகள், பேக்கேஜ் டூர்காரர்கள். வெங்காயம் கொண்டுவந்தவர் எவருமில்லை. பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தின்று முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். “அதுக்குள்ளயா?” என்றாள் சின்னவள். சங்கு வடிவத்தில் கட்டியிருக்கிற புது முனையம், 2023 ஜூலையில் திறந்தது, பளிங்காக இருந்தது. எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் சுந்தரர் 12,000 பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை ஒன்று உண்டு. அப்படித்தான் இருந்தது எனக்கு: மீனம்பாக்கத்தில் முங்கிப் போர்ட் பிளேரில் எழுந்தோம். நடுவில் இருந்த கடல் கணக்கிலேயே வரவில்லை.

வண்டியோடு வந்து நின்றது அந்தத் தூளிப் பிள்ளை. இருபத்தொரு வயது. சுற்றுலாக் கம்பெனி ஒன்றில் வேலை, நாலு மொழி, “வாங்க மாமா” என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். அக்கா இந்தமுறை ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் ஆன்லைனில் வந்துவிடுகிறதாம். அந்தப் பழைய ஜாடிக்கு மூடி மட்டும் உடைந்துபோனது, கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். கிடைக்கவில்லை. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. அச்சு எங்கே போயிற்றோ. அக்கா ஜாடிக்குத் துணி கட்டி வைத்திருக்கிறாள்.

ஹேவ்லாக்குக்குத் தனியார் அதிவேகப் படகில் போனோம். ஒன்றரை மணி நேரம், குளிர்சாதனம், மூடிய கண்ணாடி, சினிமாப் பாட்டு. 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்; டிக்கெட்டில் புதுப்பெயர், வாயில் பழையது. ராதா நகரில் மணல் அதே வெள்ளை. மரங்களும் நிற்கின்றன. கூட்டத்தை மட்டும் மகாபலிபுரத்து ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. கோவாவும் இப்படித்தானே இருக்கும் என்று பெரியவன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. அவன் வந்த வழியில் வந்தால் எந்தத் தீவும் ஒரே தீவுதான்.

திரும்பும்போது மருமகன் பிடிவாதமாக அரசுப் படகில் ஏற்றிவிட்டான். கிளம்பும் நேரத்தில் துறையில் ஒரு பரபரப்பு. ஒரு வயதான அம்மாளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாரும் சொல்லாமலே முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலைக் கைமாற்றி வாங்கிப் பிடித்துக்கொண்டார். என் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். “இவங்களுக்கு ஆம்புலன்ஸ் இல்லையா?” என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள். “இதான் ஆம்புலன்ஸ், பாப்பா. அலை ஜாஸ்தியா இருந்தா இதுவும் கெடையாது. ரொம்ப முடியலன்னா ஹெலிகாப்டர் கேப்பாங்க” என்றான் மருமகன். அதற்கப்புறம் இரண்டரை மணி நேரமும் என் பிள்ளைகள் மொபைலை எடுக்கவில்லை. தண்ணீரையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறையில் இறங்கியபின், இன்னும் எவ்வளவு தூரம் போனால் சென்னை வரும் என்று பெரியவன் கேட்டான். விமானத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மருமகனுக்குத் தீவு என்பது வேலை நடக்கிற இடம். லீவு என்றால் அவனுக்கு மூன்று ராத்திரிக் கப்பல், எழும்பூர், அங்கிருந்து ரயில், விருத்தாசலம் ஜங்ஷன், பாட்டி வீடு. “லீவுல பெஸ்ட்டே அந்தக் கப்பல்தான் மாமா. ஃப்ளைட்ல வந்தா பாட்டி வீட்டுக்கு வந்த மாதிரியே இல்ல” என்றான். அந்தச் சிவகங்கைக் கொத்தனாருக்கும் லீவு என்றால் கப்பலேறி ஊருக்கு வருவதுதான். நமக்கு விடுமுறைத் தீவாக இருப்பது நாலு லட்சம் பேருக்குச் சொந்த ஊர். அவர்களுடைய வெங்காயமும் வைத்தியமும் கல்யாணமும் சாவும் கடலின் தயவில் நடப்பவை. கடலைப் பார்க்காமல் அங்கே போய் இறங்குகிறவருக்கு மணலும் பவளப் பாறையும் தெரியும், ஊர் தெரியாது. விமானம் கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் அது வரம். கடல் வழி பழைய காலத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மறுபடி கப்பல் விட்டார்களே, அதில் ஏறிய யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் வழிக்கு என்ன மதிப்பு என்று.

அந்தமானுக்குப் போகத் திட்டமிருந்தால், போக அல்லது வர, ஒரு வழியாவது கப்பலில் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் பொல்லாதது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பெரியவர்கள் கூட வந்தால் கேபின் எடுங்கள். இளசுகள் பங்க்கில் போகட்டும், பேச்சுத்துணைக்குப் பஞ்சமிருக்காது. எலுமிச்சம்பழம் மறக்க வேண்டாம். தீவுகளுக்கிடையே ஒருமுறையாவது ஃபீனிக்ஸ் பேயிலிருந்து அரசுப் படகில் ஏறுங்கள். கப்பல் கிளம்பும் நாள் மாசத்துக்கு மாசம் மாறும் என்பதால், அட்டவணையைப் பார்த்துவிட்டு விடுப்புக்கு எழுதிக்கொடுங்கள்; விடுப்பை எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலைத் தேடாதீர்கள்.